அடுக்கிவிட்டு நிரப்பினேன்

நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது கவிதா உட்கார்ந்திருக்கிறாள். சின்னமனூரில் எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கத்தின் கம்ப்யூட்டர் அறை அது. போன மாதம் அவள் போன் செய்தாள். பழைய புரோகிராமை எடுத்துவிட்டு, தோட்டத்தில் நின்றபடியே போனில் பதிகிற மாதிரி புதிதாக ஒன்று வரப்போகிறதாம். எடுப்பதற்கு முன்னால் நான் எழுதி வைத்ததை வரி வரியாகப் படித்திருக்கிறாள். ஓர் இடத்தில் அது வேலையை நிறுத்திவிட்டு, 'இவருக்கு மேலே இருந்தவர் யார்?' என்று கேட்கிறது. ஏன் கேட்கிறது, இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லையே என்றாள். போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். அவள் கேட்டது ஒரு வரிக்குத்தான் விளக்கம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் என்னால் அதை விளக்க முடியாது.

நான் டைப்பிஸ்டாகத்தான் சங்கத்தில் சேர்ந்தேன். தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். இருபது வருடம் அதே மெஷின், அதே ஜன்னல். 1996-ல் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சாமி சந்நிதிக்குக் கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு பயந்து போனதில்லை. டைப் தெரிந்தவள் என்பதால் என்னை மதுரைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் என் வயதில் பாதி. நாற்பத்து நாலு வயதில் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். மற்றதெல்லாம் நானே புத்தகம் வாங்கிப் படித்தது. ஜாவா படிக்கும்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன். ஐம்பதுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அதுவும் ஒரு வசதிதான். அம்மா இருந்தவரை மாலையில் வீட்டுக்குப் போக ஒரு காரணம் இருந்தது. அவர் போன பிறகு அலுவலகத்திலிருந்து கிளம்புவதை முடிந்தவரை தள்ளிப்போட்டேன். கம்ப்யூட்டர் அறை எனக்கு வேலை செய்யும் இடம் மட்டுமாக இருக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் செயலாளர் தங்கவேல் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் கடிதம் வந்தாலும் ஓர் அடிக்கோலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்து முடித்ததும் கோலை ஒரு வரி இறக்குவார். முழுக் கடிதமும் அப்படித்தான் படிப்பார். நாம் எதிரே நின்று கொண்டிருக்க வேண்டும். கடைசி வரி வரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. வாயால் சொல்லும் எதையும் அவர் காதில் வாங்கமாட்டார். அரை மணி நேர பர்மிஷன் என்றாலும், மவுஸ் வேலை செய்யவில்லை என்றாலும் ஒரே பதில்தான்: "எழுத்துல குடுங்கம்மா." நான் அவருக்கு எழுதிக் கொடுத்த காகிதங்களைச் சேர்த்திருந்தால் ஒரு பீரோ நிறைந்திருக்கும்.

2004 வாக்கில் கொச்சியிலிருந்து ஓர் ஏற்றுமதிக் கம்பெனி எங்கள் பக்கத்து விதையில்லாத் திராட்சையை வாங்க வந்தது. ஓடைப்பட்டிக் காய்க்கு வெளிநாட்டில் நல்ல பெயர் கிடைக்கும் என்றார்கள். ஆனால் வாங்கும் நாட்டுக்காரன் கேள்வி மேல் கேள்வி கேட்பவன். எந்தத் தோட்டம், சர்வே எண் என்ன, யாருடையது, கடைசியாக என்ன மருந்து அடித்தார்கள், எந்தத் தேதியில், அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் என்று எல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து விழுமாம், அதனால் உள்ளூர்ச் சந்தைக்கு விற்பவர்களின் தோட்டங்களும் பட்டியலில் இருக்க வேண்டும். இதை எக்செல் தாளாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், எக்ஸ்எம்எல் கோப்பாகத்தான் தர வேண்டும்.

எக்ஸ்எம்எல் என்பது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் அது இன்னது என்று ஒரு சீட்டுக் கட்டிவிடுவது, அவ்வளவுதான். மருந்தின் பெயருக்கு முன்னால் 'மருந்து' என்று ஒரு சீட்டு, முடிந்ததும் 'மருந்து முடிந்தது' என்று ஒரு சீட்டு. சீட்டு இருந்தால் எந்த ஊர்க் கம்ப்யூட்டரும் அதைப் பிரித்துப் படித்துக்கொள்ளும். முதல் தடவை எல்லாச் சீட்டையும் கையாலேயே அடித்தேன். விரல் வீங்கிவிட்டது. கம்பெனியில் இருந்த ஒரு மலையாளிப் பொறியாளர் போனில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தபாலில் ஒரு சிடி அனுப்பினார். அதில் லைப்ரரி என்று ஒன்று இருந்தது. எக்செல் கோப்பைத் திறப்பது எப்படி, ஒரு கட்டத்துக்குள் இருப்பதை எடுப்பது எப்படி என்பதை யாரோ எங்கேயோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். நம் புரோகிராமிலிருந்து அதைக் கூப்பிட்டால் போதும், அது எடுத்துத் தருவதற்குப் புரோகிராமே சீட்டுக் கட்டிவிடும்.

கூப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கோப்பைத் திற. எந்தத் தாள் என்று சொல். பிறகு வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாகப் போ. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே இருப்பது எழுத்தா, எண்ணா, தேதியா, காலியா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எழுத்து என்று நினைத்து எண்ணை எடுத்தால் புரோகிராம் அங்கேயே விழுந்துவிடும். எங்கள் சர்வே எண்கள் எனக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சமல்ல. 12/3 என்று அடித்தால் எக்செல் அதை மார்ச் பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்ளும். லைப்ரரி அதைப் படித்து முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். மூன்று நாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. தேனி ஜில்லாவில் எனக்குத் தெரிந்து இந்த வேலையை வேறு யாரும் செய்யவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்த லைப்ரரியை எழுதியவர்களின் குழுவுக்கு என் டைப்பிஸ்ட் இங்கிலீஷில் ஒரு மெயில் போட்டேன். மறுநாள் பதில் வந்திருந்தது. பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று கூடத் தெரியவில்லை. கேள்வியைப் பாராட்டி, வழியையும் சொல்லியிருந்தார். அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என் வேலையைப் பற்றி என்னிடம் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை.

தோட்டத்து விவரங்களைக் கொண்டுவருபவர் முருகேசன், எங்கள் களப்பணியாளர். இளவயதில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் எழுத்து வேலை பார்த்தவர். கையெழுத்து முத்துப் போல இருக்கும். மொபெட்டில் ஓடைப்பட்டிப் பக்கம் போய், மருந்து அடிக்கும் கூலிக்காரர்கள் எந்த வரிசையில் தோட்டம் தோட்டமாக நகர்ந்தார்களோ அதே வரிசையில் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு வருவார். ஒரே ஆட்கள், ஒரே நாள், ஒரே மருந்து. அதனால் முதல் ஆளுக்கு மருந்தின் பெயரை முழுதாக எழுதிவிட்டு, கீழே உள்ளவர்களுக்கெல்லாம் 'ஷை' என்று போட்டுவிடுவார். மேற்படி என்பதற்கு கர்ணங்கள் போட்ட குறி அது. பிறகு அவரே எக்செல் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதும் ரிஜிஸ்டரில் செய்ததை அப்படியே அங்கும் செய்தார். கட்டத்துக்குக் கட்டம் ஷை, ஷை, ஷை. மருந்துப் பெயரை ஒவ்வொன்றிலும் அடியுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "மேலதாம்மா இருக்கு, படிக்கத் தெரிஞ்சவுகளுக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் நான் சொல்லிக்கொடுத்தேன். மருந்துக் கட்டத்தில் ஷை இருந்தால் மேல் வரிசையில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து நிரப்பிக்கொள் என்று நாலு வரி. அது சரியாக ஓடிய அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. கர்ணத்தின் குறியைக் கொச்சிக் கம்ப்யூட்டருக்குப் புரியவைத்தவள் நான் என்று என்னிடமே நான் சொல்லிக்கொண்டேன். சொல்ல வேறு யார் இருந்தார்கள்.

முதல் இரண்டு பருவமும் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது பருவத்தில் கம்பெனி ஒரு சின்ன மாற்றம் கேட்டது. தோட்டங்கள் சர்வே எண் வரிசையில் வர வேண்டும். சின்ன விஷயம்தான். சர்வே எண்படி அடுக்கு என்று ஒரு வரியைச் சேர்த்தேன். பத்து தோட்டங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். பத்துப் பேரும் கந்தகம் அடித்தவர்கள், சரியாக வந்தது. கோப்பை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நான்காம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஓடைப்பட்டி ராசாங்கத்தின் தோட்டத்தில் அவர்கள் தடை செய்திருந்த பூச்சி மருந்து அடித்திருக்கிறது, அவர் காய் வேண்டாம். அத்தோடு முடியவில்லை. ராசாங்கம் ஒரு குழுவுக்குத் தலைவர். ஏழு பேர் சேர்ந்து ஒன்றாகப் பெட்டி கட்டி அனுப்பும் குழு. ஒருவர் தப்புச் செய்தால் மற்ற ஆறு பேரின் காயும் பரிசோதனை முடியும் வரை பந்தலிலேயே நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பங்குனி மாதம், காய் முற்றி நின்றது. பரிசோதனை முடிவு வருவதற்குள் இரண்டு நாள் மழை அடித்து, கொத்துக் கொத்தாகப் பழம் வெடித்துவிட்டது. முடிவு வந்தபோது ஆறு பேர் காயிலும் குற்றம் இல்லை. அனுப்பக் காயும் இல்லை.

மழைக்கு முந்தின நாள் ராசாங்கம் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான ஆள். கூடவே மகன் பாண்டி, கல்லூரி முடித்துவிட்டு அப்பாவோடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவர் கையில் ஓர் உரப்பை இருந்தது. அந்தப் பருவத்தில் அடித்த மருந்துகளின் காலிப் பாக்கெட்டுகளையெல்லாம் எடுத்து வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, என் மேஜைக்கு முன்னால் தரையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். எல்லாமே கந்தகம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருந்துக் கணக்கு எழுதுவது முருகேசன் பொறுப்பு. முருகேசன் அந்த வாரம் மகள் பிரசவத்துக்கு லீவில் போயிருந்தார்.

தங்கவேல் சார் என்னைச் சரிபார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். அனுப்பிய கோப்பைத் திறந்து, புரோகிராம் போட்டுத் தந்த அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டேன். இரண்டிலும் ராசாங்கம் பெயருக்கு நேரே அந்தப் பூச்சி மருந்துதான் இருந்தது. இரண்டும் என் புரோகிராமிலிருந்து வந்தவை. என் விடையை என் விடையோடு ஒப்பிட்டுவிட்டுச் சரி என்றேன். முருகேசனின் ரிஜிஸ்டர் மூன்றடி தள்ளி அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டர் மாத்தி எழுதாதுங்க" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் என் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.

ராசாங்கம் என்னோடு வாதாடவில்லை. திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார்.

"ஏலே, கடையில போயி வாங்கிட்டு வந்தது நீதானடா?"

பாண்டி கந்தகம்தான் வாங்கினேன் என்றான். எல்லாத் தடவையுமா என்று அவர் கேட்டார். எல்லாத் தடவையும்தான் என்றான், ஆனால் இரண்டாம் முறை சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ராசாங்கம் பாக்கெட்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். எனக்குக் கம்பெனிக்குப் பதில் எழுதும் வேலை இருந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை, லீவு முடிந்து வந்து கம்ப்யூட்டரை அப்படியே நம்பிவிட்ட முருகேசன்தான் அவ்வப்போது சொன்னார். குழுவில் இருந்த ஆறு பேரும் ராசாங்கத்திடம் பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். கள்ளத்தனமாக மருந்தடித்து எங்களையும் கெடுத்தாய் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்களாம். வருடா வருடம் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஏழு வீட்டுக்காரர்களும் ஒரே டிராக்டரில் போவார்கள். அந்தச் சித்திரையில் டிராக்டர் அவர் வீட்டு வாசலில் நிற்காமல் போயிற்று. வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. நான் அடிக்கவில்லை என்றால் வாங்கி வந்தவன்தான் மாற்றி வாங்கியிருக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் தகப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு முற்றி, பாண்டி திருப்பூருக்குப் போய்விட்டான். போனவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. முருகேசன் சொல்லச் சொல்ல நான் ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன். பாவம் என்று கூடச் சொன்னேன்.

ஐப்பசியில் அடுத்த பருவத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது, ஒரு சர்வே எண்ணில் சந்தேகம் வந்து முருகேசனின் பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்தவள் ராசாங்கம் பெயரில் நின்றேன். மருந்து என்ற இடத்தில் ஷை என்று இருந்தது. அவருக்கு மேலே பரமன், பரமனுக்கு நேரே கந்தகம். அப்படியானால் ராசாங்கத்துக்கும் கந்தகம்தான். பூச்சி மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அது செல்லத்துரை என்பவருடையது. தன் காயை மதுரைச் சந்தைக்கே விற்பவர், என்ன மருந்து அடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லி எழுத வைத்தவர். ரிஜிஸ்டரில் அவர் இரண்டு பக்கம் தள்ளி இருந்தார். சர்வே எண்படி பார்த்தால் ராசாங்கத்துக்கு நேர் முந்தின தோட்டம்.

புரோகிராமைத் திறந்தேன். நான் சேர்த்த அந்த ஒரு வரி, நிரப்புகிற நாலு வரிகளுக்கு மேலே இருந்தது. முதலில் ஷைகளை நிரப்பிவிட்டு அதற்குப் பிறகு அடுக்கியிருக்க வேண்டும். நான் அடுக்கிவிட்டு நிரப்பியிருந்தேன். ஆட்களை இடம் மாற்றி நிற்க வைத்துவிட்டு, உனக்கு மேலே நிற்பவன் அடித்ததுதான் நீ அடித்ததும் என்று எழுதியிருக்கிறேன். மற்ற எல்லாரும் கந்தகம் அடித்தவர்கள் என்பதால் யார் மேலே நின்றாலும் கெடுதல் வரவில்லை. செல்லத்துரைக்குக் கீழே வந்து நின்றவர் மட்டும் மாட்டிக்கொண்டார். அவருக்கு அடுத்து வந்தவருக்கு முருகேசன் கந்தகம் என்று முழுதாகவே எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வெட்டி நாலு வரி கீழே ஒட்டினேன். அரை நிமிஷ வேலை.

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு தங்கவேல் சாரிடம் போனேன். வாயால் சொல்லத் தொடங்கினேன், அவர் நிறுத்தவில்லை. அதுவே எனக்கு விநோதமாக இருந்தது. அடிக்கோலை எடுத்துப் பரமன் பெயருக்குக் கீழே வைத்தார். பிறகு ஒரு வரி இறக்கி ராசாங்கம் பெயருக்குக் கீழே வைத்தார். நெடுநேரம் கோலை எடுக்கவே இல்லை.

"இத எழுத்துல குடுக்க வேணாம்மா" என்றார்.

முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. பிறகு அமைதியாக விளக்கினார். நம் கணக்கில் பிழை என்று தெரிந்தால் கம்பெனி அடுத்த பருவம் இந்தப் பக்கமே வராது. ஆறு வீட்டுக்காரர்களும் சங்கத்தின் மேல் வழக்குப் போடுவார்கள். ராசாங்கத்தை அடுத்த பட்டியலில் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம், நாளாக ஆக ஊரே மறந்துவிடும். கடைசியாக ஒன்று சொன்னார். அதில் மிரட்டல் இல்லை, என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்: "உங்களுக்கும் சர்வீஸ் இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. இந்த வேலய விட்டா எங்கன போவீக?"

நான் போக இடமில்லாதவள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ரிஜிஸ்டரை அலமாரியில் வைத்துவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. ஷை எங்கே வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு, மேலே இருந்தவர் யார் என்று ஓர் ஆளைக் கேட்டுக்கொள்ளும்படி அன்று மாலையே எழுதினேன். கவிதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நீ அதைத் தாராளமாக எடுத்துவிடலாம். அது ராசாங்கத்துக்கு ஒன்றும் செய்யவில்லை.

அவர் அடுத்த பட்டியலில் சேரவே இல்லை. முருகேசன் போய்க் கூப்பிட்டதற்கு, பந்தலைப் பிரித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினாராம். மூன்று வருடத்துக்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. தங்கவேல் சார் ஓய்வு பெற்றுப் போனார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. அந்த அறையும் இல்லாமல் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்ற பயம் மீதி. நான் கோழையாக இருந்தேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடிப் பயனில்லை.

2010-ல் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அந்த ரிஜிஸ்டர் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ராசாங்கம் வாசலில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்து, "கம்ப்யூட்டர் அம்மாவா? வாங்க, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் காட்டிய அந்த மரியாதை என்னை என்னவோ செய்தது. பந்தல் இருந்த இடத்தில் இப்போது முருங்கை. கல்தூண்களை விற்றுவிட்டேன் என்றார். அவரே அடுப்பை மூட்டி டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். டீயைத் தொடாமல் சொல்லத் தொடங்கினேன்.

ஜெராக்ஸைக் காட்டிப் பயனில்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் கட்டி வைத்திருந்த முருங்கைக்காய்க் கட்டுகளையே எடுத்து வரிசையாக வைத்தேன். இது பரமன், இவருக்குக் கீழே நீங்கள், அங்கே தள்ளிச் செல்லத்துரை. முருகேசன் எழுதியது இப்படி. பிறகு நான் உங்களை எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்தேன். வைத்த பிறகுதான் மேலே பார்த்தேன்.

அவர் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிய நேரம் பிடிக்கும் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை.

"அப்ப எம் பேருக்கு மேல வேற ஆளு வந்து நின்னுட்டான்" என்றார்.

ஆமாம் என்றேன். நிறுத்தியது நான்தான் என்றேன். அது எனக்கு எப்போது தெரியும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், திட்டினால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் எழுந்து உள்ளே போய் அலமாரிக் கதவைத் திறந்தார். கதவின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு போன் எண் எழுதியிருந்தது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போலிருந்தது.

"பாண்டி நம்பரு. இத அவனுக்குச் சொல்லணும்மா. நான் சொன்னா கேக்க மாட்டான்."

என் போனிலிருந்து கூப்பிட்டேன். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது. யார் என்று சொன்னேன், அவனுக்கு ஞாபகம் இருந்தது. அப்பாவிடம் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். நீங்கள் வாங்கி வந்தது கந்தகம்தான், தப்பு என்னுடையது என்றேன். மெஷின் சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டான் போல.

"நானும் மொதல்ல இல்ல இல்லன்னுதாம்மா சொன்னேன்" என்றான். "அப்பறம் கம்ப்யூட்டர்லயே வந்துருச்சுன்னு எல்லாரும் சொன்னாகளா, ஒரு வேள நான்தான் மாத்தி வாங்கிட்டு வந்துட்டனோன்னு நெனப்பு வந்துருச்சு. இத்தன வருசமா நான்தான்னே நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். போனை ராசாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அவர் பேசுவது காதில் விழாத தூரத்துக்குப் போய் முருங்கை மரங்களுக்கு நடுவில் நின்றேன்.

நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். போனைத் துண்டால் துடைத்து என்னிடம் நீட்டினார். "ஞாயித்துக்கெழம வர்றேங்குறான்" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. குழுவில் இருந்த ஆறு பேர் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்கிறேன், எழுதியும் தருகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். அந்த மாதமே ஆறு வீட்டுக்கும் போனேன். ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய மாலையைத்தான்.

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். வழியில் முருங்கைக்கு என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டு வந்தார். தூரத்தில் பஸ் தெரிந்தது. கையைக் காட்டி அதை நிறுத்தியவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"ஒங்க மேல கோவம் இல்லம்மா. போன தைக்கு முன்னாடி வந்துருந்தீகன்னா அவன் ஆத்தா கேட்டுட்டுப் போயிருப்பா. அவன் மேல தப்பில்லன்னு கடைசி வரைக்கும் அவ ஒருத்திதான் சொல்லிக்கிட்டே கெடந்தா."

கண்டக்டர் ஏறச் சொல்லி விசிலடித்தார், ஏறிவிட்டேன். ஜன்னலோரம் இடம் இருந்தது. சின்னமனூர் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.